தீமலையும் மழை இடரும்: திருவண்ணாமலை மலையும் எச்சரிக்கை நிலைகளின் வரலாறும்

ஆய்வுச் சுருக்கம்

திருவண்ணாமலை மலை சைவ மரபில் தீ வடிவாகப் போற்றப்படுகிறது. அம்மரபின் அடிப்படையில் அம்மலையை ஓர் அவிந்த எரிமலை எனக் கூறும் வழக்கம் அண்மைக் காலத்தில் பரவியுள்ளது. இக்கூற்றுக்கு நிலவியல் சான்று இல்லை என்பதையும், இக்கூற்று மலையின் உண்மையான இடரைப் பார்வையிலிருந்து மறைக்கிறது என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. தமிழர் குடியேறிய எரிமலைத் தீவுகளில் உருவான கண்காணிப்பு முறைகளும் எச்சரிக்கை நிலைகளும் 2024 திசம்பரில் திருவண்ணாமலையில் நிகழ்ந்த மண்சரிவுடன் ஒப்பிடப்படுகின்றன. எரிமலையியலிலிருந்து திருவண்ணாமலை பெறத்தக்கது எச்சரிக்கை நிலை என்னும் நிர்வாக முறையே என்பது கட்டுரையின் முடிவாகும்.

திறவுச்சொற்கள்: திருவண்ணாமலை, எரிமலைக் கண்காணிப்பு, எச்சரிக்கை நிலை, மண்சரிவு, கார்த்திகைத் தீபம், ரெயூனியன், பாரன் தீவு.

முன்னுரை

ஒரு மலையைப் பற்றி மக்கள் கொண்டுள்ள கருத்து, அம்மலையடியில் அவர்கள் வாழும் முறையைத் தீர்மானிக்கிறது. திருவண்ணாமலையைப் பொறுத்தவரை அக்கருத்து தீயோடு பிணைந்தது. ஐம்பூதத் தலங்களுள் தீத்தலம் இது. மலையே இலிங்கம் என்பது இத்தலத்தின் அடிப்படைக் கொள்கை. ஆயினும் வரலாற்றுக் காலத்தில் இம்மலை தீயை உமிழ்ந்ததாகச் சான்று இல்லை. 2024ஆம் ஆண்டு திசம்பர் 1ஆம் நாள் ஏழு உயிர்களைப் பறித்தவை மழைநீரில் ஊறிய மண்ணும் அதனோடு உருண்டு வந்த பாறைகளுமாகும். தீயின் மலை எனப் போற்றப்படும் ஒன்றில் இடர் நீரால் நேர்ந்தது என்னும் இம்முரண், ஒரு மலையின் இயல்பை அறிந்து அதன் அபாயத்தை முன்கூட்டி அறிவிக்கும் முறை எவ்வாறு உருவாயிற்று என்னும் வினாவை எழுப்புகிறது.

தீமலை என்னும் மரபு

அடிமுடி தேடிய வரலாறு திருவண்ணாமலையின் தலவரலாற்றுக்கு மூலமாகும். திருமாலும் நான்முகனும் அடியும் முடியும் காண இயலாதவாறு சிவபெருமான் தீப்பிழம்பாய் நின்றார் என்பதும், அப்பிழம்பே பின்னர் மலையாகக் குளிர்ந்தது என்பதும் அதன் சாரம். கிருத யுகத்தில் தீயாகவும், அடுத்த யுகங்களில் மணியாகவும் பொன்னாகவும், கலியுகத்தில் கல்லாகவும் மலை விளங்குகிறது என்பது தலமரபு. சைவ எல்லப்ப நாவலரின் அருணாசல புராணம் இத்தலப் பெருமையை விரித்துரைக்கும் நூலாகும். சம்பந்தரும் நாவுக்கரசரும் இத்தலத்தைப் பாடியுள்ளனர். மாணிக்கவாசகர் திருவெம்பாவையை இங்கு அருளினார் என்பது மரபு.

தீயாக இருந்தது கல்லாகக் குளிர்ந்தது என்னும் வரிசைமுறை, எரிகுழம்பு உறைந்து பாறையாவதை நினைவூட்டுவது இயல்பே. இந்த ஒப்புமையைப் பற்றிக்கொண்டே 20ஆம் நூற்றாண்டில் அருணாசலத்தைப் பற்றி எழுதியவர்களுள் சிலர் மலையின் தோற்றத்தை எரிமலை வெடிப்போடு இணைத்தனர். பின்னர் இக்கருத்து பயணக் கையேடுகளிலும் பக்தி வெளியீடுகளிலும் ஐயமற்ற செய்தியாக இடம்பெறலாயிற்று. தொன்மத்துக்கு அறிவியல் துணை தேடும் ஆர்வம் இதில் புலப்படுகிறது. எனினும் புராணம் கூறும் தீ, அளவிட இயலாத ஒன்றைக் குறிக்கும் மெய்யியல் குறியீடு. அதனை எரிமலை எனப் பெயர்த்துரைப்பது புராணத்தின் பொருளையும் சுருக்குகிறது. நிலவியலின் பொருளையும் திரிக்கிறது.

பாறை தரும் சான்று

திருவண்ணாமலை வட்டாரம் தென்னிந்தியத் தொல்பாறைப் பகுதியைச் சேர்ந்தது. கருங்கல், நைசு, சார்னோக்கைட் ஆகிய பாறைகள் இப்பகுதியில் பரந்துள்ளன. இவற்றின் தொன்மை பெரும்பாலும் 250 கோடி ஆண்டுகளை ஒட்டியது. சார்னோக்கைட் என்னும் பெயரை 1893இல் இட்டவர் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த தாமசு ஆலந்து. கொல்கத்தாவில் சாப் சார்னாக்கின் கல்லறைக்குப் பயன்பட்ட கல்லைக் கொண்டு அப்பெயர் அமைந்தது. சென்னையை அடுத்த பல்லாவரம் இப்பாறை ஆய்வின் தொடக்க இடமாகும்.

கருங்கல்லும் சார்னோக்கைட்டும் நிலத்தின் ஆழத்தில் உருவாகும் பாறைகள். கருங்கல், பாறைக்குழம்பு மேற்பரப்பை அடையாமல் ஆழத்திலேயே மெல்லக் குளிர்ந்து உறைவதால் விளைவது. சார்னோக்கைட் மிகுந்த வெப்பமும் அழுத்தமும் நிலவும் அடிநிலப் பகுதியில் உருப்பெறுவது. மேலிருந்த பல கிலோமீட்டர் தடிப்புள்ள பாறை கோடிக்கணக்கான ஆண்டுகளில் அரிக்கப்பட்ட பின்னரே இவை வெளிப்பட்டன. எரிமலைக்கு அடையாளமான எரிகுழம்பு அடுக்கு, சாம்பல் படிவு, எரிமலை வாய் ஆகியவை அண்ணாமலையில் இல்லை. எனவே அதன் உயரம் குவிதலால் வந்ததன்று. சுற்றியிருந்த நிலம் தேய்ந்து தாழ, வன்மையான பகுதி எஞ்சி நின்றதால் வந்தது. மலையின் வரலாறு வெப்பத்தை அறிந்ததுதான். ஆனால் அவ்வெப்பம் வெடிப்பாக வெளிப்பட்டதற்குச் சான்றில்லை.

இந்நிலவியல் உண்மைக்கு நடைமுறை விளைவொன்று உண்டு. இத்தகைய பாறைகள் வெடிப்புகளின் வழியே நீர் புகப் புகச் சிதைவுறுகின்றன. விளிம்புகள் மண்ணாக மாற, நடுப்பகுதி உருண்டைக் கல்லாக எஞ்சுகிறது. காலப்போக்கில் சரிவெங்கும் மண்ணில் பாதி புதைந்த பெரும்பாறைகள் நிற்கின்றன. அவற்றைத் தாங்குவது அடியிலுள்ள மண்ணின் பிடிப்பே. தொடர்மழையில் மண்துளைகளில் நீர் நிறைந்து அழுத்தம் பெருகும்போது அப்பிடிப்பு தளர்கிறது. சரிவின் அடியை வெட்டி மனை அமைத்தல், ஓடைகளை மறித்தல், மரம் அகற்றுதல் ஆகியவை தளர்வை விரைவுபடுத்தும். எரிமலை என்னும் தவறான வகைப்பாடு மலையை அவிந்தது, ஆகவே அமைதியானது என நம்பச் செய்கிறது. பாறையின் உண்மையான இயல்போ, ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழையிலும் கவனிக்க வேண்டிய மலை இது என்று உணர்த்துகிறது.

தமிழர் குடியேறிய எரிமலைத் தீவுகள்

மலையைத் தொடர்ந்து கவனித்து, அதன் நிலையைப் படிநிலைகளாக அறிவிக்கும் முறை எரிமலைகளை ஒட்டியே முதிர்ச்சியடைந்தது. இத்தாலியில் வெசுவியசு மலைச் சரிவில் 1841இல் நிறுவப்பட்ட கண்காணிப்பு நிலையம் இத்துறையின் முன்னோடி. எனினும் தமிழர் வரலாற்றோடு நெருங்கிய சான்றுகள் பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட தீவுகளில் கிடைக்கின்றன. 19ஆம் நூற்றாண்டில் புதுச்சேரி, காரைக்கால் முதலிய துறைமுகங்களிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளராகத் தமிழர் மர்த்தினிக், குவாதலூப், ரெயூனியன் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். இம்மூன்றும் எரிமலைத் தீவுகளாகும்.

மர்த்தினிக்கின் பெலே மலை 1902ஆம் ஆண்டு மே 8ஆம் நாள் வெடித்தபோது செயின்ட் பியர் நகரம் அழிந்தது. ஏறத்தாழ 28,000 பேர் மாண்டனர். வெடிப்புக்கு முந்தைய வாரங்களில் சாம்பல் பொழிவும் கந்தக நெடியும் நகரத்தாரால் உணரப்பட்டன. அறிகுறிகள் இருந்தன, எந்த அறிகுறி தோன்றினால் யார், எந்த முடிவை எடுக்க வேண்டும் என்னும் ஏற்பாடு இருக்கவில்லை.

குவாதலூப்பின் சூஃபிரியேர் மலை 1976இல் இதற்கு நேர்மாறான பாடத்தைத் தந்தது. பெருவெடிப்பு நிகழலாம் என்னும் அச்சத்தில் 70,000க்கும் மேற்பட்டோர் பல மாதங்கள் வெளியேற்றப்பட்டனர். எதிர்பார்த்த பெருவெடிப்பு நிகழவில்லை. அறிவியலாளர் தம்முள் முரண்பட்டுப் பொதுவெளியில் வாதிட்டனர். பிழையான எச்சரிக்கையும் மக்களின் வாழ்வாதாரத்தையும் நம்பிக்கையையும் சிதைக்கும் என்பது இதனால் தெளிவாயிற்று.

ரெயூனியனின் பிதோன் தெ லா ஃபுர்னேசு உலகில் அடிக்கடி வெடிக்கும் எரிமலைகளுள் ஒன்று. 1977இல் அதன் எரிகுழம்பு பிதோன் செயின்ட் ரோசு என்னும் ஊருக்குள் புகுந்து வீடுகளை அழித்தது. இந்நிகழ்வைத் தொடர்ந்து 1979இல் நிலையான கண்காணிப்பு நிலையம் அமைக்கப்பட்டது. நிலநடுக்கப் பதிவு, நிலத்தின் உப்பல், வெளியேறும் வளிமங்கள் ஆகியவை அங்கே இடைவிடாது அளவிடப்படுகின்றன. எச்சரிக்கை முறை சில தெளிவான படிகளைக் கொண்டது. முதற்படி விழிப்பு நிலை. வெடிப்பு அண்மையில் நிகழலாம் எனில் முதலாம் எச்சரிக்கை. வெடிப்பு நிகழ்ந்துகொண்டிருப்பின் இரண்டாம் எச்சரிக்கை. அளவீடு செய்வது நிலையம். எச்சரிக்கையை அறிவித்து எரிமலையின் உட்பள்ளத்தாக்குக்குச் செல்லும் வழியை மூடுவது அரசுப் பிரதிநிதியான பிரிஃபெக்ட். தமிழ்நாட்டு நிர்வாகத்தில் மாவட்ட ஆட்சியர் வகிக்கும் பொறுப்போடு இதனை ஒப்பிடலாம். 2007 ஏப்ரலில் மலையின் உச்சிவாய் 300 மீட்டருக்கும் மேலாக உள்ளிடிந்த பெருநிகழ்வும் இவ்வேற்பாட்டின் கண்காணிப்பிலேயே நடந்தது. தமிழ் வழித்தோன்றல்கள் தீமிதித் திருவிழாக்களை இன்றும் நடத்திவரும் அத்தீவில், வழிபடும் தீயும் அளவிடப்படும் தீயும் ஒன்றையொன்று மறுக்காமல் நிலைபெற்றிருப்பது கருதத்தக்கது.

நீரால் நேர்ந்த எரிமலைச் சாவுகள்

எரிமலை இடரின் வரலாற்றிலும் உயிர்ச்சேதம் எப்போதும் நெருப்பால் மட்டும் விளைவதில்லை. கொலம்பியாவின் நெவாடோ தெல் ரூயிசு 1985 நவம்பர் 13ஆம் நாள் வெடித்தபோது வெடிப்பு அளவில் சிறியதே. ஆனால் உச்சியின் பனி உருகிச் சேற்றுப் பெருக்காகப் பள்ளத்தாக்குகளில் பாய்ந்தது. அர்மேரோ என்னும் ஊரை மையமாகக் கொண்டு ஏறத்தாழ 23,000 பேர் மாண்டனர். அவ்வூரை அபாயப் பகுதியாகக் காட்டிய வரைபடம் ஒரு மாதத்துக்கு முன்னரே வெளியிடப்பட்டிருந்தது. அறிவு இருந்தும் அது செயலாக மாறாத நிலையை அர்மேரோ உலகுக்குக் காட்டியது.

பிலிப்பைன்சின் பினதுபோ மலையில் 1991இல் இக்குறை களையப்பட்டது. அந்நாட்டு எரிமலை மற்றும் நிலநடுக்கவியல் நிறுவனமும் அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையும் இணைந்து ஐந்து படிகள் கொண்ட எச்சரிக்கை முறையை வகுத்தன. ஒவ்வொரு படியும் எதைக் குறிக்கிறது என்பது எளிய சொற்களில் விளக்கப்பட்டது. சூழ்நிலை முற்ற முற்ற வெளியேற்ற வேண்டிய தொலைவும் விரிவாக்கப்பட்டது. ஐயுற்ற அதிகாரிகளுக்கு எரிமலை இடர்கள் பற்றிய காணொளியும் காட்டப்பட்டது. சூன் 15ஆம் நாள் நிகழ்ந்த வெடிப்பு அந்நூற்றாண்டின் மிகப் பெரிய வெடிப்புகளுள் ஒன்று. எனினும் முன்கூட்டிய வெளியேற்றம் ஆயிரக்கணக்கானோரைக் காத்தது. மாண்டோரில் பெரும்பாலோர், அதே நாளில் வீசிய புயலின் மழையில் நனைந்து கனத்த சாம்பலால் கூரை இடிந்து மாண்டவர்கள். மலையின் இடரும் மழையின் இடரும் கூடும் இடத்திலேயே இழப்பு பெருகுகிறது என்பதற்கு இவ்விரு நிகழ்வுகளும் சான்று.

இந்தியாவின் எரிமலையும் எச்சரிக்கை முறைகளும்

இந்தியாவில் செயல்படும் எரிமலை ஒன்றே உண்டு. அது அந்தமான் கடலில் போர்ட் பிளேருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 135 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பாரன் தீவு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதன் வெடிப்புகளை ஆங்கிலேய மாலுமிகள் பதிவு செய்தனர். 1885இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் மேலட் அதுபற்றி விரிவான அறிக்கை எழுதினார். 19ஆம் நூற்றாண்டில் ஓய்ந்த எரிமலை 1991இல் மீண்டும் வெடித்தது. அதன்பின் விட்டுவிட்டுச் செயல்பட்டு வருகிறது. கடலோரக் காவல் படையினரும் நிலவியல் ஆய்வாளரும் தேசியக் கடலியல் நிறுவன அறிவியலாளரும் அதனை நேரில் கண்டு பதிந்துள்ளனர். அதன் சாம்பல் பற்றிய அறிவிப்புகளை வானூர்திகளுக்காக ஆத்திரேலியாவின் டார்வின் எரிமலைச் சாம்பல் அறிவுரை மையம் வெளியிடுகிறது. மனிதர் வாழாத தீவு ஆதலால் அங்கு வெளியேற்றம் என்னும் சிக்கல் எழவில்லை. எனவே மலையடி ஊர்களுக்கு எச்சரிக்கை விடுக்கும் பட்டறிவை இந்திய நிர்வாகம் எரிமலையிடமிருந்து பெறும் வாய்ப்பு அமையவில்லை.

இந்தியாவில் எச்சரிக்கைப் படிநிலை பெரிதும் வானிலையைச் சார்ந்தே வளர்ந்தது. இந்திய வானிலை ஆய்வுத் துறை பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு ஆகிய நான்கு நிறங்களால் மழை எச்சரிக்கையை மாவட்டவாரியாக அறிவிக்கிறது. மண்சரிவு குறித்த தேசியப் பொறுப்பு இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சார்ந்தது. அத்துறை 2024 சூலையில் கொல்கத்தாவில் தேசிய மண்சரிவு முன்னறிவிப்பு மையத்தைத் தொடங்கியது. மேற்கு வங்கத்தின் டார்ஜிலிங், கலிம்போங் மாவட்டங்களும் தமிழ்நாட்டின் நீலகிரியும் அதன் தொடக்கநிலை அறிக்கைகளின் எல்லையில் அமைந்தன. மண்சரிவு என்றவுடன் இமயமலையும் மேற்குத் தொடர்ச்சி மலையும் நினைவுக்கு வருவது இயல்பு. சமவெளியில் தனித்து எழும் அண்ணாமலை போன்ற குன்றுகள் அந்நினைவின் எல்லைக்கு வெளியே நின்றன.

2024 திசம்பர்

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு புதுச்சேரியை ஒட்டிக் கரையைக் கடந்தது. கடந்த பின்னும் அது விரைந்து நகராமல் அப்பகுதியிலேயே நிலைகொண்டது. புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ. அளவுக்கு மழை பதிவாயிற்று. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களிலும் பெருமழை பெய்தது. திசம்பர் 1ஆம் நாள் மாலை அண்ணாமலையின் சரிவிலிருந்து மண்ணும் பாறையும் பெயர்ந்து வ.உ.சி. நகரில் ஒரு வீட்டின்மீது வீழ்ந்தன. உள்ளே இருந்த எழுவர் மாண்டனர். அவர்களுள் ஐவர் சிறுவர். தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் தொடர்மழைக்கும் மீண்டும் பாறை உருளும் அபாயத்துக்கும் இடையே உடல்களை மீட்டனர். அதே மாவட்டத்தின் சாத்தனூர் அணையிலிருந்து திசம்பர் 2ஆம் நாள் அதிகாலையில் வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் வெளியேற்றப்பட்டதும், தென்பெண்ணைக் கரையோர மக்களுக்கு உரிய காலத்தில் அறிவிப்பு சென்றதா என்னும் விவாதம் எழுந்ததும் இப்பெருமழையின் மற்றொரு பக்கமாகும்.

இந்நிகழ்வில் கவனிக்கத்தக்கது எச்சரிக்கையின் அலகு. மழை எச்சரிக்கையின் அலகு மாவட்டம். மண்சரிவின் அலகோ ஒரு சரிவு, ஓர் ஓடை, ஒரு தெரு. மாவட்டம் முழுவதற்கும் விடுக்கப்படும் நிற அறிவிப்பு, குறிப்பிட்ட ஒரு பாறையின் கீழ் வாழும் குடும்பத்துக்கு வீட்டைவிட்டு வெளியேறும் நேரத்தைச் சொல்வதில்லை. பெலே மலையின் அடியில் 1902இல் இருந்த இடைவெளி இதுவே: அறிகுறி அனைவருக்கும் தெரிந்தது, செயலுக்கான கட்டளை எவருக்கும் உரியதாகவில்லை.

தீபமும் முடிவெடுத்தலும்

மண்சரிவு நிகழ்ந்து பன்னிரண்டாம் நாள், அதாவது திசம்பர் 13ஆம் நாள், கார்த்திகைத் தீபத் திருவிழா அமைந்தது. குன்றின்மீது கார்த்திகை விளக்கேற்றும் வழக்கம் தமிழகத்தில் தொன்மையானது. சீவக சிந்தாமணியில் அதன் குறிப்பு உண்டு. திருவண்ணாமலையில் 2,668 அடி உயர உச்சியில் கொப்பரை வைத்து, நெய்யும் துணித்திரியும் இட்டு ஏற்றப்படும் தீபம் பதினொரு நாள் எரிவது வழக்கம். அதனை ஏற்றும் உரிமை பர்வதராஜ குலத்தாருக்கு மரபாக உரியது. மாலையில் கோயிலுள் அர்த்தநாரீசுவரர் எழுந்தருளும் கணத்தில் கொடிமரத்தின் முன் சுடர் ஏற்றப்பட, உச்சியிலும் தீபம் எழுகிறது. அது கண்டு சுற்றுவட்டார ஊர்களில் வீட்டுவிளக்குகள் ஏற்றப்படுகின்றன.

இவ்வொழுங்கை அறிவிப்பு முறையாகவும் காண இடமுண்டு. நேரம் வரையறுக்கப்பட்டுள்ளது, ஏற்றுவோர் யார் என்பது ஐயமற்றது, சுடர் கண்டபின் ஒவ்வோர் இல்லமும் செய்ய வேண்டியது எதுவென்பது அனைவரும் அறிந்தது. நல்ல எச்சரிக்கை முறைக்கு எரிமலையியலார் வேண்டும் பண்புகளும் இவையே. மலையுச்சியை நோக்கிக் காத்திருந்து, ஒரே குறிப்பின்படி செயல்படப் பழகிய சமூகம் இங்கு முன்னரே உள்ளது.

அவ்வாண்டுத் திருவிழாவில் இப்பண்பு நடைமுறையாகவும் வெளிப்பட்டது. நிலவியல் வல்லுநர்கள் மலையை ஆய்ந்து மண் இளகியுள்ள நிலையைத் தெரிவித்தனர். அதனடிப்படையில் வழக்கமாக மலையேற அனுமதிக்கப்படும் பக்தர்களுக்கு அவ்வாண்டு அனுமதி மறுக்கப்பட்டது. தீபம் ஏற்றுவதற்கு இன்றியமையாதோர் மட்டும் கொப்பரையுடனும் நெய்யுடனும் உச்சிக்குச் சென்றனர். தீபம் ஏற்றப்பட்டது. வல்லுநர் அளவிட, அரசு அறிவிக்க, மக்கள் ஏற்றுக்கொண்ட இம்முடிவு, பெயர் சூட்டப்படாத ஓர் எச்சரிக்கை நிலையே எனலாம். ரெயூனியனில் உட்பள்ளத்தாக்கின் வழி மூடப்படுவதற்கும் இதற்கும் அமைப்பில் வேறுபாடு இல்லை. வேறுபாடு காலத்தில் உள்ளது: அங்கு முடிவு நிகழ்வுக்கு முன் எடுக்கப்படுகிறது, இங்கு ஏழு உயிர்கள் போன பின் எடுக்கப்பட்டது. மற்றொரு வேறுபாடும் உண்டு. அம்முடிவு மலையேறுவோரைக் காத்தது. மலையடியில் ஆண்டு முழுவதும் வாழ்வோருக்கு அதற்கு இணையான நிலையான ஏற்பாடு தேவையாகவே உள்ளது.

முடிவுரை

இவ்வாய்வினால் பெறப்படும் கருத்துகள் பின்வருமாறு தொகுக்கப்படுகின்றன. அண்ணாமலை எரிமலை என்பதற்குப் பாறைச் சான்று இல்லை. தீவடிவம் என்னும் சமயக் கருத்துக்கு அச்சான்று தேவையும் இல்லை. மலையின் இயற்பியல் இடர், சிதைவுற்ற பாறையும் பருவமழையும் குடியிருப்பும் சந்திக்கும் இடத்தில் உள்ளது. எரிமலை எச்சரிக்கை முறையின் வரலாறு நான்கு கூறுகளை வலியுறுத்துகிறது: இடைவிடாத அளவீடு, முன்கூட்டி வரையறுத்த வரம்பு, ஒவ்வொரு படிக்கும் உரிய செயல், அறிவிக்கும் பொறுப்புடைய அதிகாரி. மலைமீதே மழைமானிகளும் நிலநீர் அழுத்தமானிகளும் சாய்வுமானிகளும் அமைத்தல், ஆபத்தான பாறைகளையும் ஓடைகளையும் தெருவாரியாக வரைபடமாக்குதல், இத்தனை மணி நேரத்தில் இத்தனை மழை பெய்தால் இன்ன தெருவினர் வெளியேற வேண்டும் என்னும் வரம்பைப் பருவமழைக்கு முன்னரே அறிவித்தல் ஆகியவை இக்கூறுகளின் உள்ளூர் வடிவங்களாகும்.

வெறும் அச்சுறுத்தலாகிவிடும் எச்சரிக்கை நிலைக்காது என்பதைக் குவாதலூப்பும், செயலாகாத அறிவு காக்காது என்பதை அர்மேரோவும் காட்டின. இவ்விரு பிழைகளுக்கும் இடையே நம்பிக்கையை வளர்ப்பதே எந்த எச்சரிக்கை முறைக்கும் கடினமான பணி. ஒரு சுடரைக் கண்டு ஊர்தோறும் விளக்கேற்றும் மக்களிடத்தில் அந்நம்பிக்கைக்கான அடித்தளம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. அதனை மழைக்காலத்தின் பாதுகாப்புக்கும் பயன்படுத்துவது நிர்வாகத்தின் கடமையாகிறது.